ரோமத்துக்காக விலங்கு வளர்ப்பதை அடியோடு தடை செய்யலாமா?

மீனாட்சி, மயிலாப்பூர்

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மேக்கப் பேசப் போயிருந்தோம். அந்தப் பெண் நீட்டிய விலைப்பட்டியலில் ஒட்டு இமைக்கு மட்டும் பல விலை இருந்தது. எல்லாவற்றையும் விட அதிக விலை 'மிங்க்' இமைக்கு. என்னம்மா இது என்று கேட்டேன். "கீரி மாதிரி ஒரு வெளிநாட்டுப் பிராணி ஆன்ட்டி. சீப்பால வாரி எடுக்கிற முடிதான், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். டப்பாவைத் திறந்து காட்டினாள். முடிகள் அடியில் கறுத்து, நுனி போகப்போக மெலிந்து, பார்க்க உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்து படித்த பிறகு அந்த 'வாரி எடுப்பது' என்னால் நம்ப முடியாததாகி விட்டது. மிங்க் கடிக்கும் பிராணி. பண்ணையில் வேலை செய்பவர்களே தடித்த கையுறை இல்லாமல் அதைத் தொடுவதில்லை. யார் உட்கார்ந்து தலைவாரி விடப் போகிறார்கள்? உலகச் சந்தைக்கு வரும் ரோமத்தில் பெரும்பகுதி கம்பிக் கூண்டுகளில் வளர்ந்ததுதான். ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கிற குட்டிகளை, குளிர்கால ரோமம் அடர்ந்ததும் நவம்பர், டிசம்பரில் விஷவாயு செலுத்திக் கொல்கிறார்கள். நீளமான ஒரு கோட்டுக்கு 50, 60 மிங்க் தேவைப்படும்.

பிரிட்டன் 2000-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சட்டம் போட்டு ரோமப் பண்ணைகளை மூடியது. ஆஸ்திரியா, நெதர்லாந்து, நார்வே என்று பல நாடுகள் அதே வழியில் போயிருக்கின்றன. உலகம் முழுக்கத் தடை வர வேண்டும் என்பதே என் கருத்து. அழகுக்காக மட்டும் ஓர் உயிரைப் பிறக்க வைத்து, கூண்டிலேயே வைத்திருந்து கொல்வதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள்.

அன்சாரி, பல்லாவரம்

மேடம், நான் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். தாத்தாவுக்குப் பெரியமேட்டில் தோல் மண்டி. நாங்கள் ஆம்பூரில் இருந்து பதனிட்ட தோல் எடுத்து, ஷூவுக்கு அப்பர் (மேல்பாகம்) தைத்து ஏற்றுமதி செய்கிறோம். அதனால் என் பேச்சில் பயம் கொஞ்சம் கலந்திருக்கும், அதை மறைக்கவில்லை.

நாங்கள் வாங்குவது கறிக்காக வெட்டிய ஆட்டின், மாட்டின் தோல். நாங்கள் வாங்காவிட்டாலும் அந்த ஆடு வெட்டுப்படத்தான் போகிறது, தோல் அழுகிக் குப்பைக்குப் போகும். மிங்க் அப்படி இல்லை. அதன் கறியை யாரும் சாப்பிடுவதில்லை, தோலுக்காகவே வளர்க்கிறார்கள். அந்த வித்தியாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் 'தடை' என்று ஆரம்பிப்பவர்கள் ஃபரோடு, அதாவது ரோமத்தோடு, நிற்பார்களா? ஃபர் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர், பணக்காரர்கள். அவர்களை எதிர்ப்பது சுலபம். அடுத்து தோல் செருப்பு, அதற்கடுத்து காஞ்சிபுரம் பட்டு என்று வரும்.

1996-ல் பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? மாசுபடுத்திய டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. தொழிலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முடியாதவர்கள் மூடினார்கள், மற்றவர்கள் செலவு செய்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். ஆற்றுக்குச் செய்த கெடுதல் இன்னும் தீரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வழி பிறந்தது. அது போல மிங்க் பண்ணைக்கும் கூண்டைப் பெரிதாக்கு, இப்படித்தான் கொல்ல வேண்டும் என்று விதி போடலாமே? தடை போட்டால் தொழில் விதியே இல்லாத வேறு நாட்டுக்குப் போய்விடும். பிராணிக்கு என்ன லாபம்?

டாக்டர் ராகவன், வேப்பேரி

அன்சாரி பாய் கேட்டது சரியான கேள்வி. கால்நடை மருத்துவனாக அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: விதிகளால் இதைச் சரிசெய்ய முடியுமா?

மிங்க், நீர்நாய் வகையைச் சேர்ந்தது. நீளமான உடல், கால்விரல்களுக்கு இடையே பாதி ஜவ்வு. காட்டில் ஓடைக்கரையோரம் தனியாகத் திரியும். தண்ணீரில் மூழ்கி மீன் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் கணக்கில் சொந்தக் கரை வேண்டும், இன்னொரு மிங்க் உள்ளே வந்தால் சண்டைதான். இப்போது பண்ணைக்கு வாருங்கள். ஐரோப்பியக் கவுன்சில் 1999-ல் கொடுத்த பரிந்துரையின்படி மிங்க் கூண்டின் தரைப்பரப்பு 2550 சதுர சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர். விரித்து வைத்த ஒரு செய்தித்தாளை விட அதிகம் இல்லை. அடியிலும் கம்பிவலைதான், கழிவு கீழே விழ வேண்டும் என்பதற்காக. இருபுறமும் வரிசையாக அடுத்தடுத்த கூண்டுகளில் வேறு மிங்க். விலகிப் போக இடமே கிடையாது. இது சட்டத்தை மீறிய பண்ணை இல்லை, விதிப்படி நடக்கிற பண்ணை.

2001-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள், 'நேச்சர்' இதழில் வந்தது. பண்ணை மிங்குகளுக்குப் பல வசதிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் போகும் கதவில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எதற்காக அதிக எடையைத் தள்ளுகிறது என்று பார்த்தார்கள். நீந்தும் தொட்டிக்காகத்தான். அந்தத் தொட்டிக்கு வழியை அடைத்தபோது உடலில் மன அழுத்த ஹார்மோன் கூடியது, கிட்டத்தட்ட தீனியை நிறுத்தினால் கூடுகிற அளவுக்கு. அவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. ஆற்றைக் கண்ணால் கண்டதில்லை. அப்படியும் தண்ணீர் ஆசை உடம்பை விட்டுப் போகவில்லை.

வண்டலூரில் சிறு அடைப்பில் இருக்கும் விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரோமப் பண்ணையில் அது அன்றாடக் காட்சி. கூண்டின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு ஓடி, தலையை ஒரு சுழற்று சுழற்றி, திரும்ப அதே ஓட்டம். சில தன் வாலையே கடித்துக்கொள்ளும்.

ரோமத்துக்காக வளர்க்கிற இன்னொரு விலங்கான நரிக்கு வருகிறேன். ஆடு மாடு மனிதனோடு பல ஆயிரம் வருடமாக இருக்கின்றன. வெள்ளி நரியைக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பண்ணையில் அடைத்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதைப் பழக்க முடியாதா என்றால், முடியும். ரஷ்ய விஞ்ஞானி பெல்யாயெவ் 1959 முதல் நோவோசிபிர்ஸ்க்கில் பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். சில பத்தாண்டுகளில் ஆளைக் கண்டால் வாலாட்டும் நரிகள் வந்தன. கூடவே உடம்பில் வெள்ளைத் திட்டுகளும் வந்தன. திட்டு விழுந்த தோல் ரோம வியாபாரிக்கு ஆகாது. பண்ணைக்காரர் தேர்ந்தெடுப்பது நிறத்தையும் தோலின் பரப்பையும்தான். பின்லாந்துப் பண்ணைகளில் ஆர்க்டிக் நரியைக் காட்டில் இருப்பதைப் போலப் பல மடங்கு எடைக்குப் பெருக்க வைத்திருக்கிறார்கள். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கி, கண்ணை மூடி, கால் வளைந்து நிற்கும் படங்களைப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, கூண்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் மிங்குக்கு ஓடையும் தனிமையும் கிடைக்காது. அதைக் கொடுக்கிற பண்ணை லாபத்தில் ஓடாது. ஸ்விட்சர்லாந்தில் ரோம விலங்குகளுக்கு மிருகக்காட்சி சாலை அளவுக்கு விதி போட்டார்கள். விளைவு, அங்கே பண்ணையே இல்லை. இங்கே நேர்மையான விதி என்பதே தடையில்தான் போய் முடியும்.

கார்த்தி, கிண்டி

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் நம் ஊரில் ஃபர் போடுகிறவர் யார்? 2017-ல் மெரினாவில் நின்றவன் நான். எங்கிருந்தோ வந்து எங்கள் மாட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்லாதே என்றுதான் அன்றைக்குக் கேட்டோம். அதே நியாயம் டென்மார்க் விவசாயிக்கும் உண்டு இல்லையா? அவர் அப்பா, தாத்தா காலத்துத் தொழில். நாம் இங்கிருந்து மூடு என்று சொல்லலாமா?

மீனாட்சி, மயிலாப்பூர்

கார்த்தி, வெளியில் இருந்து யாரும் போய் அந்தப் பண்ணைகளை மூடவில்லை. டச்சுக்காரர்களும் நார்வேக்காரர்களும் தங்கள் நாடாளுமன்றத்தில் தாங்களே விவாதித்து முடிவெடுத்தார்கள். அப்புறம், ஜல்லிக்கட்டுக் காளை வீட்டு வாசலில் கட்டி, பெயர் வைத்து, பொங்கல் ஊட்டி வளர்வது. அதை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் சண்டை போட்டது அந்தச் சில நிமிட ஆட்டத்தைப் பற்றி. கூண்டு மிங்குக்குப் பிறந்ததில் இருந்து சாகும் வரை ஒரு நல்ல நாள் கூட இல்லை.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-க்கு விதை போட்டது இதே சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அரசைச் சட்டம் போட வைத்தது. விலங்குகள் நல வாரியம் 1962-ல் உருவானபோது அவர்தான் தலைவர், அலுவலகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. 2017 ஜனவரியில் இந்திய அரசு மிங்க், நரி, சின்சில்லா (எலி போன்ற சிறு பிராணி) தோல்களின் இறக்குமதியைத் தடை செய்தது. மெரினாவில் நீங்கள் நின்ற அதே மாதம். ஜல்லிக்கட்டுச் செய்தியில் அது யார் கண்ணிலும் படவில்லை.

மாதவன், டொராண்டோ (சொந்த ஊர் நங்கநல்லூர்)

இங்கே மைனஸ் 25 டிகிரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் எழுதுகிறேன். குளிருக்கு ஃபர் வேண்டும் என்பது இன்றைக்கு உண்மை இல்லை. உள்ளே பஞ்சு அடைத்த நல்ல ஜாக்கெட்டும் தெர்மலும் போதும். தொப்பி விளிம்பில் வைக்கும் ரோமம் காற்றை மட்டுப்படுத்தும், முகத்தில் பனி உறையாது, அது நிஜம். ஆனால் இங்கே கடைகளில் விற்ற விளிம்புகளில் பெரும்பாலும் கயோட்டி என்கிற ஓநாய் வகை. அது பண்ணையில் வளர்வதில்லை, காட்டில் பொறி வைத்துப் பிடிப்பது. கனடா கூஸ் என்கிற பெரிய ஜாக்கெட் கம்பெனியே 2021-ல் ஃபரை விட்டுவிடுவதாக அறிவித்தது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பேசுங்கள். வடக்கே இன்யூட் என்கிற பூர்வகுடி மக்கள் சீல் என்கிற கடல் பிராணியை வேட்டையாடிக் கறியைச் சாப்பிட்டு, தோலை உடுத்தி வாழ்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் சீல் பொருள்களைத் தடை செய்தபோது இன்யூட்டுக்கு விலக்கு கொடுத்தது. ஆனால் மொத்தச் சந்தையும் படுத்துவிட்டதால் அந்த விலக்கால் அவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. ஆகவே கூண்டுப் பண்ணை வேறு, வேட்டையாடி வாழ்பவன் வேறு என்று சட்டத்திலேயே பிரித்து எழுத வேண்டும். 'ஃபர் வேண்டாம்' என்று மொத்தமாகக் கோஷம் போட்டால் அடிபடுவது ஏழை.

அந்தச் சீல் தடையில் இன்னொரு விஷயமும் நடந்தது. கனடாவும் நார்வேயும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. மக்களின் தார்மீக உணர்வைக் காக்க இறக்குமதியைத் தடுக்கலாம் என்ற வாதத்தை அந்த அமைப்பு 2014-ல் அடிப்படையில் ஏற்றுக்கொண்டது. தொழில் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அன்சாரி பாய் பயப்படுகிறார் அல்லவா? பண்ணையை மூடும் நாடு இறக்குமதியையும் சேர்த்து மூட வேண்டும். அதற்குச் சட்ட வழி இருக்கிறது.

அன்சாரி, பல்லாவரம்

மாதவன் தம்பி சொன்னது முக்கியம். பிரிட்டன் பண்ணையை மூடிவிட்டு இறக்குமதியைத் திறந்தே வைத்தது. அப்படி என்றால் பாவத்தை அடுத்த நாட்டுக்குத் தள்ளியதுதானே? இஸ்ரேல் 2021-ல் விற்பனையையே தடுத்தது, மதச் சடங்குத் தொப்பி, ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. கலிஃபோர்னியாவில் 2023 முதல் புது ஃபர் விற்க முடியாது. இந்த மாதிரித் தடையில் எனக்கு அர்த்தம் தெரிகிறது.

ஆனால் மாற்று என்ன? போலி ஃபர் என்பது அக்ரிலிக். கச்சா எண்ணெயில் இருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிர்ந்து சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகிறது. நல்ல மிங்க் கோட்டு பாட்டியிடம் இருந்து பேத்திக்குப் போகும். போலி ஃபர் சில வருடத்தில் சடை பிடித்துக் குப்பைக்குப் போகும். இதையும் கணக்கில் சேருங்கள்.

டாக்டர் ராகவன், வேப்பேரி

சேர்ப்போம் பாய். அப்படியே ரோமத்தின் கணக்கையும் முழுசாக எழுதுவோம். மிங்க் ஊனுண்ணி. மீன் கழிவும் கோழிக் கழிவும் அரைத்துக் கொடுக்க வேண்டும். பல ஆயிரம் மிங்கின் சாணம் ஒரே இடத்தில் குவியும். தோல் கெடாமல் இருக்க ரசாயனப் பதனிடுதல் வேண்டும், அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையில் இருந்து தப்பிய அமெரிக்க மிங்க் பிரிட்டனின் ஆறுகளில் பெருகி, அங்கே இருந்த நீர் எலிகளைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது.

எல்லாவற்றுக்கும் மேல் நோய். என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். கொரோனா மனிதரிடம் இருந்து மிங்குக்குப் போனது, மிங்கிடம் இருந்து மனிதருக்குத் திரும்பி வந்தது. 2020-ல் நெதர்லாந்தில் இதை உறுதி செய்தார்கள். அந்த நாடு 2024-ல் மூடுவதாக இருந்த பண்ணைகளை 2021-லேயே மூடிவிட்டது. அப்போது உலகிலேயே அதிக மிங்க் தோல் உற்பத்தி செய்த டென்மார்க்கில், மாறிய வைரஸ் பரவியதும் 2020 நவம்பரில் நாட்டில் இருந்த எல்லா மிங்குகளையும் கொல்ல உத்தரவு போட்டார்கள். 1.5 கோடிக்கும் மேல். அந்த உத்தரவுக்குப் போதுமான சட்ட அதிகாரம் இல்லை என்று தெரிந்து வேளாண் அமைச்சர் பதவி விலகினார். அவசரமாக ஆழமில்லாத குழிகளில் புதைத்த உடல்கள் வாயு உப்பி மண்ணுக்கு மேலே எழுந்து வந்தன. கடைசியில் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அதோடு முடியவில்லை. 2022 அக்டோபரில் ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு மிங்க் பண்ணையில் பறவைக் காய்ச்சல் புகுந்தது, 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிங்குகளை அழித்தார்கள். மறுவருடம் பின்லாந்து நரிப் பண்ணைகளில் அதே காய்ச்சல். பாலூட்டி உடம்பில் பழகிக்கொள்ள வைரஸுக்கு நெருக்கியடித்த இப்படி ஓர் இடத்தை நாமே கட்டிக் கொடுக்கக் கூடாது. டென்மார்க்கின் பண்ணையில் கிளம்புவது கிண்டிக்கு வர அதிக நாள் ஆகாது கார்த்தி. நமக்கும் இதில் பேச உரிமை இருக்கிறது.

சரவணன், அம்பத்தூர் (சொந்த ஊர் நாமக்கல்)

நான் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்குக் கோழிப்பண்ணை. முட்டைக்கோழி ஒவ்வொன்றுக்கும் கூண்டில் கிடைக்கிற இடம் ஏ4 தாளை விடச் சிறியது. இறக்கை விரிக்க முடியாது. மிங்குக்கு 2550 சதுர சென்டிமீட்டர் போதாது என்று டாக்டர் சொல்கிறார், நான் ஏற்றுக்கொள்கிறேன். சென்னையில் இதைப் படிக்கிற எல்லோர் வீட்டிலும் நாமக்கல் முட்டை இருக்கும். அந்தக் கூண்டைப் பற்றி இந்த இழையில் ஒரு வரி கூட வரவில்லையே? கோபத்தில் கேட்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கொட்டகையில் தீனி போட்டவன் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

மீனாட்சி, மயிலாப்பூர்

சரவணன், நியாயமான கேள்வி. கோழிக் கூண்டும் தவறுதான், அதை நான் கண்டிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டு முறையை 2012-லேயே நிறுத்திவிட்டார்கள், நாமும் அங்கே போக வேண்டும். ஆனால் முட்டை சத்துணவில் ஏழைக் குழந்தையின் தட்டுக்குப் போகிறது. அந்தக் குழந்தையையும் உங்கள் சித்தப்பாவையும் மறந்துவிட்டு ஒரே நாளில் கூண்டை உடைக்க முடியாது. கோழியைத் தரையில் விட்டு வளர்த்தால் கிளறும், மண்ணில் குளிக்கும், அடைந்து முட்டையிடும். முட்டையும் கிடைக்கும், கோழிக்கும் வாழ்க்கை கிடைக்கும். மிங்குக்கு அப்படி ஒரு பாதி வழி இல்லை என்பதைத்தான் டாக்டர் விளக்கினார். யாருக்கும் அத்தியாவசியம் இல்லாத ரோமத்தையே நிறுத்த முடியவில்லை என்றால், அத்தியாவசியமான முட்டையின் கூண்டை எந்த முகத்தோடு மாற்றச் சொல்வோம்? அதனால்தான் இங்கே தொடங்க வேண்டும் என்கிறேன்.

சரவணன், அம்பத்தூர்

பாதி ஏற்கிறேன் அக்கா. தட்டில் போகிறது என்பதற்காகக் கோழி காத்திருக்க வேண்டும் என்பது கோழிக்கு நியாயம் இல்லை. நாமக்கல் கூண்டுக்குத் தனி இழை நானே ஆரம்பிக்கிறேன், கணக்கு வழக்கோடு. மிங்க் தடைக்கு என் ஆதரவு உண்டு. பண்ணையாளர்களுக்கு நஷ்ட ஈடும், மாறிக்கொள்ள அவகாசமும் கொடுக்க வேண்டும். நார்வே 2019-ல் சட்டம் போட்டு 2025 வரை அவகாசம் கொடுத்தது. அந்த மாதிரி.

அன்சாரி, பல்லாவரம்

நானும் அவகாசத்தோடு வரும் தடை என்றால் எதிர்க்க மாட்டேன், தோலை இதோடு முடிச்சுப் போடாத வரை. அந்த விஷயத்தில் டாக்டரோடு தனியாக வாதாடுவேன்.

போகிற போக்கில் ஒன்று சொல்லி விடுகிறேன், தொழிலில் பார்த்துப் பழகியது. பையன், பெண் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது ஜாக்கெட் வாங்குகிறீர்கள். 'போலி' என்று சீட்டு இருந்தால் மட்டும் நம்பாதீர்கள், சீனாவில் இருந்து வரும் ரக்கூன் நாய் என்கிற விலங்கின் ரோமம் சில சமயம் போலி என்ற பெயரிலேயே கடைக்கு வந்துவிடுகிறது. விளிம்பு ரோமத்தை விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அக்ரிலிக். மெல்லிய தோல் தெரிந்து, நீள முடிக்கு அடியில் குட்டையாக மெத்தென்ற முடி இருந்தால் அசல். சந்தேகம் என்றால் இரண்டு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். அசல் முடி சலூனில் வரும் வாடையோடு கருகிப் பொடியாகும். அக்ரிலிக் உருகி உருண்டையாகும், ஆறியதும் கெட்டியாக இருக்கும். மீனாட்சி மேடம், உங்கள் அண்ணன் மகளின் மேக்கப் பெண்ணிடமும் இதைச் சொல்லுங்கள். பாவம், அவளுக்கும் யாரோ சொன்னதைத்தான் அவள் திருப்பிச் சொல்லியிருப்பாள்.

மீனாட்சி, மயிலாப்பூர்

சொல்கிறேன் பாய். சாதா இமையே போதும் என்று மணப்பெண் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணிடம் சரக்கு அனுப்புகிற கடையின் முகவரி கேட்டு வைத்திருக்கிறேன். எந்த நாட்டில் இருந்து, எந்த விலங்கின் முடி என்று பெட்டியில் அச்சிடச் சொல்லிக் கடைக்கு ஒரு கடிதம், நுகர்வோர் துறைக்கு ஒரு கடிதம். வரைவு எழுதியதும் இங்கே போடுகிறேன், டாக்டர் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.